அறிவித்த சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும்: தோட்டத்துச் சம்பளச் சீட்டை வேதத்தோடு வாசித்தல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் தலைப்புச் செய்தியாகாத ஆண்டு இலங்கையின் மலையகத்தில் இல்லை. 750, 1,000, 1,350, 1,700, 1,750 என்று தொகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொழும்பில் அதை வாசிப்பவர் 25ஆல் பெருக்கி, "அப்படியானால் மாதம் இவ்வளவு" என்று முடித்துவிடுகிறார். சம்பள நாளான 10ஆம் திகதி லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) வரும் காசு அந்தக் கணக்கோடு ஒத்துப்போவது அபூர்வம்.

இடைவெளி எங்கே விழுகிறது என்று தேடினால் நான்கு இடங்கள் தென்படும்: மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை கிலோவுக்கு ஒரு முழுப்பேர் (முழு நாட்சம்பளம்), மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும்போது எவ்வளவு கழித்தார்கள், சீட்டில் எவ்வளவு பிடித்தார்கள். வேதாகமம் கூலியைப் பற்றிப் பேசும் இடங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். தொகையைப் பற்றி அங்கே பேச்சு குறைவு. வேலை கிடைக்காத நாள், கூட்டப்படும் இலக்கு, கள்ளத்தராசு, பிடித்துவைத்த கூலி ஆகியவை பற்றித்தான் அதிகம். ஆகவே சம்பளச் செய்தியைக் கிறிஸ்தவப் பார்வையில் வாசிப்பது என்றால், அறிவிப்பைக் கேட்டு ஸ்தோத்திரம் சொல்வதோடு நிற்காமல், சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து வரிவரியாகப் பார்ப்பதே.

முதலில் தொகையின் கதை. பல ஆண்டுகள் முதலாளிமார் சம்மேளனமும் சில தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே நாட்சம்பளத்தைத் தீர்மானித்தது. 2016இல் 730 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படை 500 மட்டும். மிச்சம் வரவுக்கும் (வேலைக்கு வருவதற்கும்) உற்பத்திக்கும் விலைக்கும் என்று பிரித்த கொடுப்பனவுகள். 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாக 900உம் வரவு செலவுத் திட்டப் படி 100உமாக 1,000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தமும் அத்தோடு நின்றுபோனது. அந்த 1,000 கையில் ஊன்றுவதற்குள் 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது. கோதுமை மாவும் பருப்பும் எட்டாத விலைக்கு ஏறிய அந்த மாதங்களில், போராடி வாங்கிய உயர்வு வாங்கும் சக்தியில் கரைந்துவிட்டது.

2024 மே தினத்தில், கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள்: 1,350 அடிப்படை, 350 உற்பத்திக் கொடுப்பனவு. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையில் 1,350 என்று முடிவானது. இலக்குக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய். 2026க்கான வரவு செலவுத் திட்ட உரையில் அடிப்படையை 1,550 ஆக்கவும், வரவுக்கான ஊக்கத் தொகையாக நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசாங்கம் கொடுக்கவும் முன்மொழியப்பட்டது. இரண்டும் சேர்ந்ததே 1,750.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, 'மொத்தம்' என்று சொல்லப்படும் எண்ணுக்குள் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு நிபந்தனையோடு வருவது என்ற பிரிவு. ஊக்கக் கொடுப்பனவுகள் கூட்டு ஒப்பந்தக் காலத்தில் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தலைப்பில் தொகை ஏறும். ஓய்வுக்காலப் பணம் அந்த அளவுக்கு ஏறாது. லாபான் தன் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினான் என்று யாக்கோபு தன் மனைவியரிடம் முறையிடுகிறான் (ஆதியாகமம் 31:7). அவன் முறையீடு தொகை சிறியது என்பதல்ல. பேச்சு ஒன்றாகவும் கணக்கு வேறாகவும் இருந்தது என்பதே.

இலக்கு

அறிவிப்புகளில் நாட்சம்பளம்தான் பெரிதாகப் பேசப்படும். அந்த நாளுக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பது தோட்டத்துக்குத் தோட்டம், சில இடங்களில் மலைக்கு மலை, தீர்மானிக்கப்படுகிறது. 1,000 ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் 16, 18 கிலோவாக இருந்த இலக்கு 20க்கும் அதற்கு மேலும் போனது. இலக்கை எட்டாதவருக்கு அரைப்பேர். 1,350 என்றால் அந்த நாளுக்கு 675.

இங்கேதான் தேயிலைச் செடியை அறிந்தவர் பேச வேண்டும். ஒரு மலையில் எவ்வளவு கொழுந்து விளையும் என்பது பறிப்பவர் கையில் மட்டும் இல்லை. உரம் காலத்துக்குப் போட்டார்களா, புல் வெட்டினார்களா, செத்த செடிகளின் வெற்றிடத்தில் புதுக் கன்று வைத்தார்களா, கவ்வாத்து (செடியை வெட்டிவிடுதல்) முறை தவறாமல் நடந்ததா என்பதெல்லாம் நிர்வாகத்தின் வேலை. கொழுந்து பறிக்கும் சுற்று ஏழு நாளளவில் வர வேண்டும். ஆள் இல்லை என்று அது பத்து, பன்னிரண்டு நாளுக்குத் தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். முற்றிய இலையைப் பறித்தால் தரம் இல்லை என்று கழிப்பார்கள்; இரண்டு இலையும் அரும்புமாகத் தேடி எடுத்தால் கிலோ நிறையாது. இடுப்பளவு புல்லுக்குள் அட்டையோடும் குளவிப் பயத்தோடும் நிரைபிடித்து ஏறுகிறவருக்கு, துப்புரவான மலைக்குரிய அதே 20 கிலோ எப்படி வரும்?

யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் எகிப்தின் சூளையில் நடந்ததைச் சொல்கிறது. செங்கல் செய்ய வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கணக்கு நிறையாதபோது அடி வாங்கியவர்கள் இஸ்ரவேலரின் தலைவர்களே. இவ்வளவு துல்லியமாக உற்பத்தி இலக்கைப் பற்றிப் பேசும் பகுதி வேதாகமத்தில் வேறில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியிலும், உரமில்லாத மலையிலும் இலக்கு இறங்குகிறதா என்று கேட்பவர் சோம்பலுக்குப் பரிந்து பேசுகிறவர் அல்லர்; வைக்கோல் எங்கே என்று கேட்கிறார்.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு சம்பளமே. கொழும்பு ஏலத்தின் விலை அவர்கள் கையில் இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை செடியை மெலியவைத்தது. இவை உண்மை. ஆனால் மெலிந்த செடியின் நட்டத்தை, முடிவெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரின் அரைப்பேரில் இருந்து ஈடுசெய்வதற்கு இவை எவையும் நியாயம் ஆகா.

வேலை நாள்

மாதம் 25 நாள், ஆண்டுக்கு 300 நாள் என்பதே கூட்டு ஒப்பந்தக் காலத்துப் பேச்சு. ஒப்பந்தம் போனபின் பல தோட்டங்களில் வாரம் மூன்று, நான்கு நாள் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது) என்றானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளில் பாதையும் மலையும் போன இடங்களில் நாட்கள் இன்னும் குறைந்தன. வரவுக்கான ஊக்கத் தொகை எதுவாக இருந்தாலும், வேலை கொடுக்கப்படாத நாளை வராத நாளாக எழுதிவிடக் கூடாது. வேலைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட நாளைத் தொழிலாளி தன் நாட்காட்டியில் வேறு நிறத்தில் குறித்துக்கொள்வது பயன்தரும்.

திராட்சத்தோட்ட உவமையில் (மத்தேயு 20) சாயங்காலம்வரை கடைத்தெருவில் நின்றவர்களை எஜமான் கேட்கிறான்: ஏன் சும்மா நிற்கிறீர்கள்? எங்களுக்கு ஒருவரும் வேலை தரவில்லை என்பது அவர்கள் பதில். அவர்களுக்கும் ஒரு முழு நாள் கூலியே கிடைக்கிறது, ஏனென்றால் ஒரு நாள் சாப்பாடு அரை நாளாகாது. இந்த உவமையைக் கிருபைக்கு மட்டும் உரியதாகப் பிரசங்கிப்பது நம் பழக்கம். தோட்டத்துச் சபைகளில் அதைக் கூலியைப் பற்றியதாகவும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசும் இங்கேதான் சேர்கிறது. வார நாளில் பேர் குறைவு; ஞாயிறு கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. அந்தக் காசு பல இடங்களில் சேமலாப நிதிக் கணக்குக்குப் போவதில்லை, விடுமுறை நாளுக்குரிய கூடுதல் விகிதமும் அதில் இல்லை. ஆராதனைக்கு ஆள் வரவில்லை என்று மேடையிலிருந்து கடிந்துகொள்ளும் முன், அந்த வாரம் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை முழுப்பேர் கிடைத்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

நிறுவை

நாளில் மூன்று முறை நிறுப்பது வழக்கம்: காலை, பகல், மாலை. ஒவ்வொரு முறையும் சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிவு போகும். மழையில் பறித்த கொழுந்தின் மேல் தண்ணீர் இருப்பது உண்மை. அதைக் கழிப்பது தவறல்ல. வெயில் காய்கிற நாளிலும் அதே கழிவு போடப்படும்போதுதான் அது களவாகிறது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு முறைக்கு ஒன்றரைக் கிலோ என்றால் நாளுக்கு நாலரை. 25 நாளில் 112.5 கிலோ. 18 கிலோ இலக்குள்ள தோட்டத்தில் அது ஆறு நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு.

ஒரே பையில் பெரிதும் சிறிதுமான இரண்டு நிறைகற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25:13 சொல்வது இதற்கு நேராகப் பொருந்தும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்ற நீதிமொழி வசனம் கடைக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல; மீகா தீர்க்கதரிசி அதே கேள்வியை நகரத்துப் பணக்காரரைப் பார்த்துக் கேட்கிறான்.

பார்க்க வேண்டியவை சில. கொழுந்துச் சாக்கைத் தொங்கவிடுவதற்கு முன் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை அந்த ஆண்டுக்குரியதாக இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்படுகின்றன. வெற்றுச் சாக்கை ஒருமுறை தனியே நிறுத்து அதன் எடையை எல்லோரும் அறிய எழுதிவைத்தால் சாக்குக் கழிவு பற்றிய தகராறு தீரும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு சிறு கொப்பி: திகதி, மூன்று நிறுவை, கழிவு, மழையா வெயிலா. பாடசாலை போகும் பிள்ளை இரவில் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும். தொழிற்சங்கத் தலைவரோ தொழில் அதிகாரியோ கேட்கும்போது, "எப்போதும் கூடக் கழிக்கிறார்கள்" என்ற பேச்சு நிற்காது; முப்பது நாள் எழுதிய பக்கம் நிற்கும்.

சீட்டை வாசிப்பது

ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு தாய்க்கு அந்த மாதம் 16 முழுப்பேர், 5 அரைப்பேர். நாட்சம்பளம் 1,350. முழுப்பேருக்கு 21,600. அரைப்பேருக்கு 3,375. மொத்தம் 24,975. அவர் மலைக்குப் போனது 21 நாள். பிரித்தால் ஒரு நாளுக்கு 1,190கூட வரவில்லை. செய்தி வாசித்தவர் மனதில் போட்ட 33,750க்கும் இதற்கும் 8,775 ரூபாய் வித்தியாசம், இன்னும் ஒரு சதம்கூடப் பிடிக்காமலே.

இனிப் பிடிப்புகள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதம் 1,998. இதற்கு மேல் நிர்வாகம் தன் பணத்தில் 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேறாக 3 சதவீதம். இந்த 12உம் 3உம் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாதவை. அடுத்து சங்கச் சந்தா, முற்பணம், தீபாவளி அல்லது நத்தார் முற்பணத் தவணை, தேயிலைத்தூள், கோயில் அல்லது சபைக் காசு, கடன் தவணை. எதற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டும். நம் சபைக்காகப் பிடிக்கும் காசுக்கும் இது பொருந்தும். ஒருவர் மனமில்லாமல் சீட்டில் பிடிபடும் காணிக்கை காணிக்கையே அல்ல.

ஒரு சுலபமான சோதனை உண்டு. சீட்டில் சேமலாப நிதிக்குப் பிடித்த தொகையை 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். எந்தச் சம்பளத்தின் மேல் நிதி கணக்கிடப்பட்டது என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன தாயின் சீட்டில் 1,998க்குப் பதில் 1,728 என்று இருந்தால், விடை 21,600 வரும். அதாவது அரைப்பேர்கள் விடுபட்டுள்ளன. பிடிப்பு குறைந்ததால் கையில் 270 ரூபாய் கூட வந்ததுபோல் இருக்கும். நிர்வாகம் போட வேண்டிய 405 ரூபாய் நிதியில் விழாமல் போயிருக்கும். மாதத்துக்கு மாதம் இது நடந்தால் ஆண்டுக்கு 4,860 ரூபாய், அதன் வட்டி வேறு. நாட்சம்பளம் 1,550 ஆனாலும் முறை இதுவே. எண்ணை மாற்றிப் போட்டால் போதும். வரவுக்கான 200 ரூபாய் அரைப்பேர் நாளுக்கு உண்டா, அது நிதிக் கணக்கில் சேருமா என்ற இரண்டையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது இன்னொரு கேள்வி. யாக்கோபின் நிருபம் 5:4 கூக்குரலிடுவதாகச் சொல்வது கொடுக்காத கூலியை மட்டுமல்ல, பிடித்துவைத்த கூலியை. 8 சதவீதத்தைப் பிடித்துவிட்டு அனுப்பாமல் இருப்பது அதன் நேர்ப்பொருள். ஆண்டுக் கணக்குக் கூற்றை ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கி, சீட்டுகளோடு ஒப்பிட்டு வையுங்கள். சில தோட்டங்களில் தொழிலாளரின் பணம் மத்திய வங்கியின் நிதிக்குப் போகாமல் தோட்டத் துறைக்கென உள்ள சேமலாபச் சங்கங்களுக்குப் போகிறது. எதில் அங்கத்துவம், எண் என்ன என்பது வீட்டில் எழுதி வைக்கப்பட வேண்டிய விடயம். குறை இருந்தால் பிரதேச தொழில் அலுவலகத்துக்கு எழுத்து முறைப்பாடு; சீட்டுகளின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, எந்த மாதங்கள் என்ற பட்டியல் இணைத்தால் விசாரணை இழுபடாது.

சபைகளின் நிலை

1854இல் ஆங்கிலிக்கன் மிஷன் ஊழியம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்றே தொடங்கியபோது, அதற்குத் துரைமாரும் (தோட்ட நிர்வாகிகளும்) சந்தா கொடுத்தார்கள். உபதேசிமார் லயம் லயமாக நடந்தார்கள், பாடசாலைகள் வந்தன. அது பெரிய நன்மை. ஆனால் துரை கொடுத்த பணத்தில் நடக்கும் ஊழியம் துரையின் தராசைப் பற்றிப் பேசுவது கடினம். அந்தக் கட்டு இன்றும் முழுதாக அறுபடவில்லை: ஆலயம் நிற்கும் நிலம் தோட்டத்தின் பெயரில், கூரைத் தகரமும் நத்தார் விழாவுக்கு லொறியும் நிர்வாகத்தின் தயவில்.

வேறு மரபும் உண்டு. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோவின் சுற்றுமடல், வறுமைக்குப் பயந்து தொழிலாளி ஒத்துக்கொண்டார் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று தெளிவாகச் சொன்னது. 1972இல் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைகளை ஆய்வுக்கும் பொது விவாதத்துக்கும் கொண்டுவந்தார். 2023இல், மலையகத்தின் 200ஆவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில் கிறிஸ்தவர்களும் மற்றவர்களோடு நடந்தார்கள்.

தோட்டங்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். ஆகவே சபை மண்டபத்தில் சீட்டு வாசிக்கும் உதவி வைத்தால் அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் பிரசங்கம் வேண்டாம், துண்டுப்பிரசுரம் வேண்டாம். உதவியைத் தூண்டிலாக்கினால் ஒரே வாரத்தில் நம்பிக்கை போய்விடும், போவதும் சரியே. மாதத்தின் 10ஆம் திகதிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை மாலை இரண்டு மணித்தியாலம் போதும். உயர்தரம் படித்த இரண்டு இளைஞர், ஒரு கணிப்பான், சீட்டு எந்த மொழியில் இருந்தாலும் வாசிக்கத் தெரிந்த ஒருவர். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சுருக்கெழுத்தாக அச்சாகும் சீட்டுகளுக்குத் தமிழில் ஒரு விளக்க அட்டை தயாரித்துச் சுவரில் ஒட்டலாம். ஒருவரின் சீட்டை அவர் சம்மதமின்றிப் படம் எடுக்கக் கூடாது. யார் எவ்வளவு கடன் என்பது வெளியே போனால் அடுத்த மாதம் எவரும் வரமாட்டார்கள்.

ஓய்வு பெறப் போகிறவர்களை முதலில் கவனிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாத சேவை உள்ள நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற விகிதத்தில். 30 வருடம், 1,350 என்றால் 567,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும்; தாமதமானால் 10 சதவீதத்தில் தொடங்கி 30 சதவீதம் வரை மேலதிகமாகச் சேரும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. தவணை தவணையாக வருடக்கணக்கில் கொடுக்கப்படும் பணிக்கொடையைப் பற்றி அந்த வசனம் என்ன சொல்லும் என்று விளக்கத் தேவையில்லை.

நடைமுறையில் பணம் சிக்குவது பெரும்பாலும் பெயரில். செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) ராசம்மா, அடையாள அட்டையில் இராஜம்மாள், பிறப்புப் பதிவில் வேறொரு எழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் மாறியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு சேமலாப நிதிப் பதிவைத் திருத்தி எடுக்க மாதங்கள் போகும். அதை ஓய்வு பெறும் வேளையில் தொடங்கினால் பணமும் தாமதமாகும். சில வருடங்கள் முன்னரே, செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளை ஆளை நேரில் அறிந்திருக்கும்போதே முடித்துவிடலாம். சபையில் சமாதான நீதவான் யாராவது இருந்தால் அந்தச் சனிக்கிழமை மாலைகளில் அவரையும் முத்திரையோடு வரச் சொல்லுங்கள்.